ஃப்ளேக்கி டெஸ்டைத் திரும்ப ஓட்டுவதா, ஒதுக்குவதா, திருத்துவதா?

ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் ஒன்றுக்குப் பேட்ச் (நிரல் மாற்றம்) எழுத உட்காரும் எவருக்கும் சீக்கிரமே வந்து சேரும் தலைவலி ஃப்ளேக்கி டெஸ்ட். நிரலில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகும். நாளைக்கு அதே டெஸ்ட் சிவப்பாக நிற்கும். நீங்கள் தொட்டது கட்டளையைப் படிக்கும் பார்சரை, விழுந்தது தரவை இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷனின் டெஸ்ட். பேட்ச்சைப் பார்ப்பவர் "இது உங்கள் மாற்றத்தால் வந்ததா?" என்று கேட்பார். இல்லை என்று நிரூபிக்கும் வேலை நம் தலையில் விழும்.

பகலில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலை, இரவில் பத்து மணிக்கு மேல் மடிக்கணினி என்று ஓடும் எங்கள் சிறு குழு, போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸுக்கான ஒரு எக்ஸ்டென்ஷனில் (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்) வேலை செய்கிறது. ஆளுக்கு வாரத்தில் நாலைந்து மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த நேரத்தை இந்த டெஸ்டுகளில் எப்படிச் செலவழிப்பது என்பதில் எங்களுக்குள் நிறைய வாக்குவாதம் நடந்தது. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தப்பு டெஸ்டிலா, டேட்டாபேஸிலா, மெஷினிலா என்று தெரியாமல் எடுக்கிற எந்த வழியும் பூசி மெழுகுவதுதான்.

ஒரு வலைத்தளத்தின் டெஸ்ட் விட்டு விட்டு விழுந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு பட்டன் தாமதமாகத் தோன்றியிருக்கும். டேட்டாபேஸில் அப்படி அலட்சியமாக இருக்க முடியாது. பல பேர் ஒரே நேரத்தில் எழுதினாலும் தரவு கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த மென்பொருளே இருக்கிறது. இருநூறு முறையில் ஒருமுறை விழும் டெஸ்ட், கமிட் ஆன (சேமித்து உறுதியான) ஒரு தரவு வரிசை காணாமல் போனதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே தடயமாக இருக்கலாம்.

திரும்ப ஓட்டுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டின் டெஸ்ட் ஓட்டும் கருவியிலும் இதற்கென்றே ஓர் ஆப்ஷன் உண்டு. கிட்ஹப்பில் சிஐ (பேட்ச் வந்ததும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) விழுந்தால் மறுபடி ஓட்டும் பட்டனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு தம்பி சிப் டெஸ்டிங் லைனில் வேலை செய்கிறார். இன்டெல் 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்த ஊர் இது, சிப்பைச் சோதிப்பது இங்கே பலருக்குக் குடும்பத் தொழில் மாதிரி. "அண்ணே, எங்க லைன்ல ஃபெயில் ஆன சிப்பை அப்படியே தூக்கிப் போட மாட்டாங்க. சாக்கெட்ல காண்டாக்ட் சரியா உட்காரலைன்னாலும் ஃபெயில் காட்டும். அதனால ரீடெஸ்ட் கட்டாயம். இதுல மட்டும் ஏன் கூடாதுங்கிறீங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் அந்த லைனில் நடப்பதை முழுசாகப் பார்த்தால் பதில் அதிலேயே இருக்கிறது. அங்கே சந்தேகம் சாக்கெட் மீது, சிப் மீது இல்லை. முதல் சுற்றில் எத்தனை பாஸ், ரீடெஸ்டில் எத்தனை பாஸ் என்று தனித்தனியாகக் கணக்கு வைப்பார்கள். ரீடெஸ்டில் தேறுவது அதிகமானால் யாராவது சாக்கெட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். நாம் சிஐயில் பட்டனைத் தட்டும்போது முதல் தோல்வி எங்கும் பதிவாவதில்லை. பச்சை வந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. மைஎஸ்க்யூஎல் கருவி இதில் கொஞ்சம் நேர்மையானது: திரும்ப ஓட்டித் தேறியதை வெறும் பாஸ் என்று காட்டாமல் 'ரீட்ரை பாஸ்' என்று தனியாக அச்சிடும்.

கணக்கையும் பாருங்கள். 20 முறைக்கு ஒருமுறை விழும் டெஸ்டை மூன்று தடவை வரை ஓட்ட அனுமதித்தால், மூன்றிலும் விழ வாய்ப்பு 8,000இல் ஒன்று. அதாவது 5 விழுக்காடு நேரம் தலைகாட்டும் ஒரு நிஜ பக், சிஐயின் கண்ணுக்கு அநேகமாக இல்லாமலே போய்விடும். அதே சமயம் எதிர்ப்பக்க நியாயமும் உண்டு. 1,000 டெஸ்டுகள், ஒவ்வொன்றும் 1,000இல் ஒருமுறை காரணமில்லாமல் விழும் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு ஓட்டம் சுத்தமாகப் பச்சையாக முடிய வாய்ப்பு 37 விழுக்காடுதான். பெரிய ப்ராஜெக்டுகள் ரீட்ரை பக்கம் சாய்வது சோம்பேறித்தனத்தால் மட்டும் இல்லை. 2016இல் கூகுள் தன் அனுபவத்தைச் சொன்னபோது, பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறியவற்றில் சுமார் 84 விழுக்காட்டில் ஒரு ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்ததாகக் குறிப்பிட்டது. இப்படிப் புலி வருது, புலி வருது என்று தினமும் கத்தினால் யாரும் எழுந்து பார்க்க மாட்டார்கள்.

என் முடிவு: கண்டெய்னர் இமேஜ் இறங்கவில்லை, நெட்வொர்க் அறுந்தது போன்ற மெஷின் கோளாறுகளுக்கு ரீட்ரை சரி. அதை டெஸ்டுக்குள் வைக்காமல் அந்தப் பதிவிறக்கப் படிக்கு மட்டும் வையுங்கள். டெஸ்டுக்கே வைத்தால் முதல் தோல்வியின் லாக் (ஓட்டத்தில் நடந்தவற்றின் பதிவு) பத்திரமாகச் சேமிக்கப்பட வேண்டும். இரண்டும் முடியாது என்றால் வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது

ஒரு செகண்ட் ஸ்லீப்பை ஐந்தாக்கும் பேட்ச்சை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதில் ஸ்லீப்பும் (குறித்த நேரம் சும்மா நிற்பது) டைம்அவுட்டும் (அதிகபட்சக் காத்திருப்பு வரம்பு) ஒன்றல்ல என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்லீப்பைக் கூட்டினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் எல்லோரும் அந்த நேரத்தைக் கொடுத்தாக வேண்டும். டைம்அவுட்டைக் கூட்டினால் விழும்போது மட்டும்தான் செலவு. போஸ்ட்கிரஸின் பெர்ல் டெஸ்டுகளில் இயல்பான டைம்அவுட் 180 செகண்ட். கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் அந்த ப்ராஜெக்டின் பில்ட்ஃபார்மில் வால்கிரைண்ட் (நினைவகப் பிழை தேடும், ஓட்டத்தை மெதுவாக்கும் கருவி) போட்டு ஓட்டும் மெஷின்களும் பழைய, மெதுவான மெஷின்களும் இருக்கின்றன. 2004இலிருந்து தன்னார்வலர்கள் தங்கள் சொந்த மெஷின்களை விலங்குப் பெயர்களில் இணைத்து நடத்தும் ஏற்பாடு அது. அங்கே 10 செகண்ட் என்பது ஒன்றுமே இல்லை.

ஆகவே டைம்அவுட்டைத் தாராளமாக வையுங்கள். ஸ்லீப்பை மட்டும் கூட்டாதீர்கள், அதைத் தூக்கிவிட்டு வேறொன்றை வைக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

ஒதுக்கி வைப்பது

டெஸ்டைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது மோசமான வழி இல்லை, ஆள் இருந்தால். மைஎஸ்க்யூஎல்லில் நிறுத்திய டெஸ்டுகளுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. டெஸ்டின் பெயருக்குப் பக்கத்தில் பக் எண்ணும் காரணமும் எழுதும் வழக்கம். அது நல்ல பழக்கம். தன்னார்வக் குழுவில் சிக்கல் என்னவென்றால், ஒதுக்கியவர் அடுத்த மாதம் வேலை மாறி ஜொகூருக்குப் போயிருப்பார், டெஸ்ட் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும். போஸ்ட்கிரஸிலேயே, ரேண்டம் எண்களுக்கான டெஸ்ட் விழுந்தால் கண்டுகொள்ளாதே என்று பல வருஷம் அட்டவணையில் எழுதிவைத்திருந்தார்கள். தற்செயலாக விழுந்ததா, நிஜமாகவே உடைந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. இப்போது அந்த டெஸ்டும் திருந்திவிட்டது, கண்டுகொள்ளாமல் விடும் வசதியும் போய்விட்டது.

ஒதுக்குவதென்றால், பேட்ச்சைத் தடுக்காத இரவு ஓட்டம் ஒன்றில் அது தொடர்ந்து ஓட வேண்டும், பெயர் போட்ட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஓடாத டெஸ்டிலிருந்து லாக் வராது. லாக் இல்லாமல் யாராலும் திருத்த முடியாது.

சுலபமாகத் தீர்பவை

இவற்றில் நேரம் வீணாக்க வேண்டாம். ஆர்டர் பை (வரிசைப்படுத்தச் சொல்லும் பகுதி) இல்லாத செலக்ட் (தரவு கேட்கும் கட்டளை), தரவு வரிசைகளை எந்த ஒழுங்கில் வேண்டுமானாலும் தரலாம். போஸ்ட்கிரஸில் ஷேர்டு பஃபரின் (தரவை வைத்திருக்கும் பொது நினைவகம்) கால்பங்கைவிடப் பெரிய டேபிளை ஒரே நேரத்தில் இருவர் ஸ்கேன் செய்தால், இரண்டாமவர் முதலாமவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவார். அதனால் பக்கத்தில் வேறொரு டெஸ்ட் ஓடுவதைப் பொறுத்து முடிவின் வரிசை மாறும். ஆர்டர் பை சேர்த்தால் தீர்ந்தது என்று தோன்றும், பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் சேர்க்கக் கூடாது. வரிசையாகத் தரும் ப்ளான்களே (டேட்டாபேஸ் தரவைத் தேடி எடுக்கும் வழிகள்) திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு, மற்றவை விடுபட்டுப்போகும். போஸ்ட்கிரஸ் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. டெஸ்டின் நடுவில் ஆட்டோவேக்யூம் (பின்னணியில் டேபிளைச் சுத்தம் செய்யும் வேலை) புகுந்து புள்ளிவிவரத்தை மாற்றி ப்ளானை மாற்றுவதும் இந்த ரகம்தான். அந்த டேபிளுக்கு மட்டும் ஆட்டோவேக்யூமை அணைத்துவிட்டுப் போகலாம்.

நேர வலயத்துக்குக் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது நம் ஊரில் இருப்பவர்களை மட்டும் தேடிவந்து கடிக்கும். எங்கள் எக்ஸ்டென்ஷன் யுடிசி (உலகப் பொது நேரம்) தேதிப்படி தினசரி பார்டிஷன் (டேபிளின் ஒரு துண்டு) உருவாக்கும். அதன் பைதான் டெஸ்ட் ஒன்று, மெஷினின் உள்ளூர்த் தேதியை எடுத்து "இன்றைய பார்டிஷன் இருக்கிறதா" என்று பார்க்கும். மலேசியா யுடிசியைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. எனவே இங்கே நள்ளிரவு முதல் காலை எட்டு மணி வரை யுடிசியில் நேற்றைய தேதி. யுடிசியில் ஓடும் சிஐயில் அது ஒருபோதும் விழாது. மாலையில் ஓட்டினாலும் விழாது. வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பன்னிரண்டரைக்கு ஓட்டுபவருக்கு மட்டும் விழும். காலை எட்டு மணி வரை எத்தனை முறை ரீட்ரை செய்தாலும் சிவப்புதான். டெஸ்டுக்குத் தேதியை வெளியிலிருந்து கொடுத்தோம், முடிந்தது.

தேதிகளை வைத்து டெஸ்ட் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. தீபகற்ப மலேசியா யுடிசி ஏழரையிலிருந்து எட்டுக்கு மாறியது 1982 புத்தாண்டில். 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனபோது கடிகாரம் நேராகப் பன்னிரண்டுக்குப் போனது. ஆசியா/கோலாலம்பூர் வலயத்தில் அந்த அரை மணி நேரம் இல்லவே இல்லை. டெஸ்டுக்கு நல்ல உதாரணத் தரவு, ஆனால் வலயத்தை டெஸ்டுக்குள்ளேயே பூட்டிவிடுங்கள். போஸ்ட்கிரஸின் முக்கிய டெஸ்ட் தொகுப்பு அமெரிக்க மேற்குக் கரை வலயத்தில்தான் எப்போதும் ஓடும், நீங்கள் பட்டர்வொர்த்தில் இருந்தாலும்.

நிலைமை வரும்வரை காத்திருப்பது

விஷயம் இங்கேதான் இருக்கிறது. இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் 51 அப்பாச்சி ப்ராஜெக்டுகளிலிருந்து ஃப்ளேக்கி டெஸ்டைத் திருத்திய 201 கமிட்டுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 45 விழுக்காடு, வேலை முடிவதற்குச் சரியாகக் காத்திருக்காத கோளாறு. அடுத்தது ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்டுகளின் மோதல், 20 விழுக்காடு.

எங்கள் ரெப்ளிகேஷன் டெஸ்ட் இப்படி இருந்தது: பிரைமரியில் (முதன்மை சர்வர்) வரிசைகளை எழுது, ஒரு செகண்ட் தூங்கு, ஸ்டாண்ட்பையில் (நகல் சர்வர்) எண்ணிப் பார். அவ்வளவுதான். எங்கள் மடிக்கணினிகளில் விழவே விழாது. சிஐயின் சிறிய மெஷினில், பக்கத்தில் வேறு வேலை ஓடும்போது, எண்ணிக்கை குறைவாக வரும்.

ஸ்லீப்பை எடுத்துவிட்டு "ஸ்டாண்ட்பை எட்டிப்பிடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இரு" என்று மாற்றினோம். போஸ்ட்கிரஸில் இதற்கு ஆயத்தமான செயல்பாடே உண்டு. அப்போதும் எப்போதாவது விழுந்தது. காரணம், எதற்குக் காத்திருக்கிறோம் என்பது. ரெப்ளிகேஷன் நிலையைக் காட்டும் வியூவில் ஒவ்வொரு ஸ்டாண்ட்பைக்கும் நான்கு இடங்கள் இருக்கும்: பிரைமரி அனுப்பியது, ஸ்டாண்ட்பை எழுதியது, டிஸ்க்கில் பதித்தது, செயல்படுத்தியது. டெஸ்ட் மூன்றாவதைப் பார்த்துக் காத்திருந்தது. மாற்றத்தின் பதிவு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, டேபிளில் இன்னும் ஏறவில்லை. அந்த இடைவெளியில் செலக்ட் ஓடினால் வரிசை தெரியாது. நான்காவதற்கு மாற்றியதும் நின்றது.

இங்கே தப்பு யாருடையது என்ற கேள்வி முக்கியமாகிறது. சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் (ஸ்டாண்ட்பையின் பதில் வரும்வரை கமிட் காத்திருப்பது) போட்டிருந்தால் கமிட் முடிந்ததும் ஸ்டாண்ட்பையில் தெரிய வேண்டும் என்றுதான் குழுவில் பாதிப் பேர் நினைத்தார்கள், ஆகவே இது டேட்டாபேஸ் பக் என்றார்கள். ஆவணத்தைப் பிரித்தால் தெளிவு: இயல்பான அமைப்பில் கமிட் காத்திருப்பது ஸ்டாண்ட்பை டிஸ்க்கில் பதிக்கும்வரைதான். தெரியும்வரை காத்திருக்க வேண்டுமென்றால் 'ரிமோட் அப்ளை' என்ற தனி மதிப்பை வைக்க வேண்டும். 2016இல் 9.6 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. ஆக, டெஸ்ட்தான் தப்பு. வெறுமனே ரீட்ரை போட்டிருந்தால் எங்களில் யாரும் இதைப் படித்திருக்க மாட்டோம், எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்துபவர்களுக்கும் தப்பான உறுதியைக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்போம்.

நேரத்தைக் கையில் எடுப்பது

காத்திருந்தால் தீராத ரகம் ஒன்று உண்டு. இரண்டு ப்ராசஸ்கள் ஒரு குறிப்பிட்ட வரியில் மோதிக்கொண்டால் மட்டும் வரும் பக். அதைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒருவரை அந்த வரியில் நிறுத்திவைத்து, மற்றவரை ஓடவிட்டு, பிறகு விடுவிக்க வேண்டும். ராக்ஸ்டிபியில் சிங்க் பாயிண்ட், மைஎஸ்க்யூஎல்லில் டீபக் சிங்க் என்று நெடுநாளாக இருப்பது போஸ்ட்கிரஸுக்கு 2024இல் 17ஆம் பதிப்பில் இன்ஜெக்ஷன் பாயிண்ட் என்று வந்தது. அதற்கென்று ஆப்ஷன் கொடுத்து பில்ட் செய்தால்தான் வேலை செய்யும்.

செலவு என்னவென்றால், டெஸ்டுக்காக மூல நிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்கு ப்ராஜெக்டின் பழைய ஆட்கள் சம்மதிக்க வேண்டும், காரணம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். மோதல் தரவுப் பூட்டில்தான் (lock) நடக்கிறது என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். போஸ்ட்கிரஸின் ஐசோலேஷன் டெஸ்டர் போதும். செஷன்களையும் படிகளையும் எழுதிக் கொடுத்தால், யார் பூட்டுக்காக நிற்கிறார் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடாமல் முதலில் அதை முயலுங்கள்.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது: கடிகாரம், டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் போலியாக்கி, முழு டேட்டாபேஸையும் ஒரு விதை எண்ணிலிருந்து ஓட்டுவது. அதே விதை, அதே தோல்வி. ஆப்பிள் 2018இல் ஓப்பன் சோர்ஸ் ஆக்கிய ஃபவுண்டேஷன்டிபி இப்படித்தான் வளர்ந்தது, டைகர்பீட்டிலும் அப்படியே. பார்க்கப் பொறாமையாக இருக்கும். ஆனால் அவர்கள் அஸ்திவாரத்திலேயே அதற்காகக் கட்டினார்கள். பல ப்ராசஸ்களாக ஓடும் பழைய சி நிரலில் இதைப் பிறகு புகுத்துவது வாரத்துக்கு நாலைந்து மணி நேரக் குழுவின் வேலை இல்லை. இதை நாங்கள் விவாதிக்கவே இல்லை, சரியாகச் சொன்னால் ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் விட்டுவிட்டோம்.

எப்படித் தேர்ந்தெடுத்தோம்

முதலில் லாக். விழுந்தவுடன் சர்வர் லாக் முழுவதும் சிஐயிலிருந்து வெளியே வரும்படி செய்தோம், மற்றது எல்லாம் அதன் பிறகு. போஸ்ட்கிரஸின் சொந்த டெஸ்டில் விழுந்தால் பில்ட்ஃபார்மில் அதே டெஸ்ட் வேறு எந்த விலங்கில் விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். மெதுவான மெஷின்களில் மட்டும் என்றால் காத்திருத்தல் சந்தேகம். எல்லா இடத்திலும் என்றால் நிரலையே சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது, விழவைப்பது. மடிக்கணினியில் விழாத டெஸ்டுக்குக் கண்டெய்னரில் அரை சிபியூ மட்டும் கொடுத்து, பக்கத்தில் வேறு சுமை ஏற்றி ஓட்டினால் பாதி டெஸ்டுகள் தங்கள் குணத்தைக் காட்டிவிடும். லினக்ஸில் மொசில்லாவில் பிறந்த ஆர்ஆர் என்ற கருவியின் கேயாஸ் மோட், த்ரெட்டுகளை வேண்டுமென்றே ஏடாகூடமான வரிசையில் ஓட்டும். ஒருமுறை விழுந்துவிட்டால் அதே ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

திருத்திய பிறகு பத்து முறை ஓட்டிப் பார்த்து "சரியாகிவிட்டது" என்று சொல்வதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். 100இல் ஒருமுறை விழும் டெஸ்ட், திருத்தாமலே விட்டாலும் பத்து ஓட்டத்தில் 90 விழுக்காடு வாய்ப்பில் பச்சையாகத்தான் வரும். 95 விழுக்காடு நம்பிக்கை வேண்டுமென்றால் சுமார் 300 சுத்தமான ஓட்டங்கள் தேவை. இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம், மின்சாரக் கட்டணம் பெரிதாக ஏறாது.

வழியைப் பொறுத்தவரை, நிலைமைக்குக் காத்திருப்பதுதான் எங்கள் நேரத்துக்கும் திறமைக்கும் ஏற்றது என்று முடிவானது. எங்களிடம் இருந்த ஃப்ளேக்கி டெஸ்டுகளில் பெரும்பகுதி அதிலேயே அடங்கியது. ஒதுக்கிவைப்பதைக் காரணம் தெரியும்வரை மட்டும் அனுமதித்தோம். டெஸ்டுக்குள் ரீட்ரை இல்லை. தம்பி இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் முதல் தோல்வியை எண்ணிவைக்கும் சின்ன ஸ்க்ரிப்டை எழுதியது அவர்தான்.

இன்ஜெக்ஷன் பாயிண்ட்டை ஒரே ஒரு டெஸ்டுக்கு எடுத்துக்கொண்டோம், பார்டிஷன் உருவாகும் நொடியில் இன்னொரு செஷன் டேபிளை அழிக்கும் மோதலுக்கு. அது நிஜ பக். இதில் எதிர்பாராத கணக்கு ஒன்று வந்து சேர்ந்தது. போஸ்ட்கிரஸ் ஒரே நேரத்தில் ஐந்து பெரிய பதிப்புகளைப் பராமரிக்கிறது, எங்கள் எக்ஸ்டென்ஷனும் அவற்றுடன் ஓட வேண்டும். 17க்கு முந்தைய பதிப்புகளில் இன்ஜெக்ஷன் பாயிண்ட் கிடையாது. பக்கின் திருத்தத்தை எல்லாப் பதிப்புக் கிளைகளுக்கும் கொண்டுபோனோம். அதைச் சோதிக்கும் டெஸ்ட் 17க்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும் போனது. பழைய கிளைகளில் அந்த டெஸ்ட் ஸ்கிப் ஆகும், ஏன் என்று ஒரு வரி விளக்கம் பக்கத்தில் இருக்கிறது.